சாட்சிக் கூண்டிலும் நிற்கலாம்

நீதிமன்றம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கறுப்பு அங்கியும் கணீரென்ற குரலுமே. சாட்சி சொல்ல வந்தவரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் உள்ளத்திலும் இவ்வெண்ணமே படிந்துவிடுகிறது. இதைத் திருத்தும் கல்விமுறை ஒன்றை இத்திங்கள் நோக்குவோம்.

அமெரிக்க நாட்டில் 'மாதிரி வழக்கு விசாரணை' என்னும் போட்டி பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடைபெறுகிறது. கல்லூரிப் போட்டிகளை நடத்தும் கழகம் 1985-ஆம் ஆண்டில் தோன்றியது. டிரேக் பல்கலைக்கழகத்துச் சட்டக் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் கால்கின்ஸ் என்பார் அதனைத் தோற்றுவித்தார். நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளின் மாதிரி நீதிமன்றங்களில் பெரும்பாலும் சட்ட நுணுக்கமே வாதிக்கப்படும், சாட்சிகள் இரார். அங்கோ, கற்பனை வழக்கு ஒன்றின் ஆவணக் கட்டு முழுவதும் மாணவர் கையில் அளிக்கப்படுகிறது. தரப்புக்கு மூவர் வழக்குரைஞர், மூவர் சாட்சிகள். அணியில் 6 பேர் முதல் 10 பேர் வரை இருக்கலாம். ஓர் அணியே சில சுற்றுகளில் வழக்குத் தொடுப்போராகவும், சில சுற்றுகளில் எதிர்த்தரப்பாகவும் நின்றாக வேண்டும். ஆகவே ஒரு தரப்பில் வாதிட்ட மாணவி மறுதரப்பில் சாட்சியாக அமர்வது அங்கு இயல்பு.

அணியில் இடம் தேடி வருவோரில் பலர் இறுதி வாதம் ஒன்றையே நாடுவர். ஆயினும் மதிப்பெண் முறையைப் பாருங்கள். தொடக்க உரை, இறுதி வாதம், ஒவ்வொரு சாட்சியின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை என ஒரு தரப்புக்கு 14 மதிப்பீடுகள். ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த அளவு 10. ஆக மொத்தம் 140. இவற்றுள் சாட்சிகள் ஈட்டக்கூடியவை 60! வழக்கில் எத்தரப்பு நியாயமானது என்பதன்று வெற்றி; யார் செவ்வனே செய்தனர் என்பதே.

சாட்சியின் பணி எளிதுமன்று. தம் வாக்குமூலத்தில் இல்லாத முக்கியச் செய்தியை அவர் புனைந்து கூறலாகாது. குறுக்கு விசாரணையில் எதிரணியினர் விடையையும் வினாவுக்குள்ளேயே வைத்து மடக்குவர். அப்போது சினமின்றி, உண்மையினின்று வழுவாது விடையிறுத்தல் வேண்டும். வழக்குரைஞரோ தம் சாட்சியை வினவும்போது விடையை ஊட்டலாகாது. கேட்டுவிட்டு வாய்மூடிச் செவிமடுக்க வேண்டும். பேசத் தெரிந்தவர் பலர். செவிமடுக்கத் தெரிந்தவர் சிலரே.

ஆகவே தேர்வுக்குச் செல்லும் இளைஞர்க்கு நாம் கூறுவது இது. ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, 'அது இல்லையேல் எதுவும் வேண்டா' என்று நில்லாதீர்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் கை நீட்டி எதையும் அரைகுறையாகச் செய்வதும் தகாது. வாதிடும் பணி ஒன்று, சாட்சியின் பணி ஒன்று என இரண்டைத் தெரிந்து, இரண்டையும் பழுதறப் பயிலுங்கள். வழக்குக் கட்டை இரு தரப்பாரின் கண்கொண்டும் படியுங்கள். எதிரியின் நியாயத்தை அறியாதவன் தன் நியாயத்தையும் முழுமையாக அறியான்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகள் வீடு திரும்பி, "எனக்குச் சாட்சியாக இடம் கிடைத்தது" என்று கூறும்போது, "வழக்குரைஞர் இடம் என்னவாயிற்று?" என்று கேளாதீர்கள். அவ்வொரு வினா அவள் மகிழ்வை அணைத்துவிடும். அடுத்த ஆண்டு அவள் தேர்வுக்கே செல்லாதிருக்கலாம். "உன் சாட்சியத்தைச் சொல், கேட்போம்" என்று அருகில் அமருங்கள். குறுக்கு வினாக்களை நீங்களே தொடுங்கள். அவள் தடுமாறாது விடை கூறும் நாளில், கிடைத்த இடம் சிறியதன்று என்பதை அவளோடு நீங்களும் உணர்வீர்கள்.