உள்ளே மங்கிய காரும் புதிய கார் கடனும்

சென்ற கோடையில், தில்லியில் நான் பணியாற்றும் கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் புதிய கார் கடன் கேட்டு வந்தார். எட்டு ஆண்டுகள் ஓடிய அவருடைய பெட்ரோல் காரின் எஞ்சினில் குறையில்லை, பிரேக்கும் ஏ.சி.யும் நன்றாகவே இயங்கின. பின் ஏன் மாற்ற வேண்டும் என்று வினவினேன். “உள்ளே உட்காரவே மனம் வரவில்லை, சார்” என்றார். வாசலுக்குச் சென்று பார்த்தேன். கியரைச் சுற்றியிருந்த வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தது. கதவுக் கைப்பிடியின் மென்பூச்சு வெயிலில் இளகி விரலில் பிசுபிசுத்தது. டாஷ்போர்டின் குறுக்கே ஓடும் அலங்காரப் பட்டை முழுவதும் கீறல்.

கடன் கொடுப்பது என் தொழில். கிளைக்கு இலக்கும் உண்டு. ஆயினும் அவருக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். 8 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். வட்டி மட்டும் 2.8 லட்சத்தைத் தாண்டும். அவருடைய காரின் பதிவோ 15 ஆண்டுகளுக்கானது. இன்னும் ஏழாண்டு மிச்சமிருக்கிறது. மங்கிய நான்கைந்து பிளாஸ்டிக் பட்டைகளுக்காக இவ்வளவு பெரிய கடனா?

வணிகவியல் வகுப்பில் முதலினச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு என்று முதலாண்டிலேயே கற்பித்தார்கள். இருப்பதைப் பேணும் செலவு இரண்டாம் வகை. அதைக் கொண்டு தீர்க்கக்கூடிய குறைக்கு, முதல் வகைச் செலவை, அதுவும் கடனாக வாங்கிச் செய்வது சரியன்று என்பது என் கருத்து. பாதுகாப்புக் கருதியோ, குடும்பம் பெருகியதாலோ வண்டி மாற்றுவோரை நான் தடுப்பதில்லை.

என் சொந்தக் காரிலும் இதே நிலைதான். கரோல் பாக் கடையொன்றில் வினைல் ராப் வாங்கி வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஒட்டினேன். செலவு 2,600 ரூபாய். வினைலில் மலிவான கேலண்டர்டு வகை, உருளைகளுக்கிடையே அழுத்தித் தயாராவது. வளைவுகளில் சுருங்கித் தன் பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் வகை விலை கூடுதல் எனினும் வளைவுக்கு இணங்கும். நான் சிக்கனம் பார்த்து முதல் வகையை வாங்கினேன். மே மாத வெயிலில் கன்சோலின் மூலை எழும்பிக்கொண்டது. அதைப் பிரித்து, காஸ்ட் வினைல் வாங்கி மறுபடி ஒட்டினேன். அந்த 2,600 ரூபாயில் இந்தத் தண்டச் செலவும் அடக்கம்.

ஒட்டுவதைவிடத் துடைப்பதற்கே அதிக நேரம் பிடிக்கும். டாஷ்போர்டு பளபளக்கப் பூசிய பாலிஷ் சிறிதளவு இருந்தாலும் பசை பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பிசுபிசுத்த பூச்சை முற்றிலும் சுரண்டி நீக்காமல் ஒட்டினால், படலம் அந்தப் பூச்சோடு சேர்ந்தே கழன்றுவிடும். பட்டையைக் கழற்றி, ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி, விளிம்பைப் பின்புறம் மடித்து ஒட்டுவதே முறை. அழுத்துவதற்கு மெல்லிய துணி சுற்றிய பழைய டெபிட் கார்டு போதும். (காலாவதியான கார்டை வெட்டி எறியுங்கள் என்று உங்களிடம் சொல்பவனும் நானே.)

எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்த பகுதிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்; அவற்றின் பின்னே ஏர்பேக் இருக்கிறது, அது தடையின்றி வெடித்து விரிய வேண்டும். டாஷ்போர்டின் மேற்பரப்பில் பளபளப்பான படலமும் வேண்டாம்; வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதையை மறைக்கும். வெளிப்புற நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும்; உட்புறப் பட்டைகளுக்கு அந்தக் கவலையில்லை. ஆனால் விரிசலை மறைப்பதற்காக ஒட்டி, வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பது, ஐந்தொகையில் கடனை மறைப்பதற்கு ஒப்பானது.

அன்று அவர் விண்ணப்பப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து பாஸ்புக் பதிய வந்தவர், என்னை வாசலுக்கு அழைத்துச் சென்று அதே காரின் கதவைத் திறந்து காட்டினார். கியரைச் சுற்றிப் பளபளப்பற்ற சாம்பல் நிறம். வேலை சுத்தமாகவே இருந்தது. கைப்பிடியருகே மட்டும் ஒரு சிறு காற்றுக் குமிழி. மெல்லிய ஊசியால் குத்தி, விரலால் அழுத்திவிடச் சொன்னேன்.