நெஞ்சுக்கு ஆபரேஷன், புண் காலில்



பைபாஸ் முடிந்து வீடு திரும்பிய என் பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நெஞ்சைத்தான் விசாரித்தார்கள். அவரோ வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலில் தொடங்கித் தொடை வரைக்கும் தையல். நெஞ்சுத் தையல் சில வாரங்களில் காய்ந்துவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. கால் புண்ணோ சீழ் பிடித்து, இரண்டு மாதம் டிரெஸ்ஸிங்குக்கு அலைய வைத்தது. வலியைவிட, இப்படி ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்பதுதான் அவருக்குப் பெரிய குறை.

"காலிலிருந்து நரம்பு எடுத்து வைத்தார்கள்" என்கிறோம். எடுப்பது நரம்பு அல்ல, ரத்தக்குழாய். உள்கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை ஓடும், உடம்பிலேயே மிக நீளமான சிரை. நிஜமான நரம்பு ஒன்றும் அதை ஒட்டியே ஓடுகிறது. அதில் அடிபடுவதால்தான் பலருக்குக் கால் மரத்துப்போகிறது.

அர்ஜென்டினாவில் 12 ஆண்டு கிராமத்து வைத்தியராக இருந்த ரெனே ஃபவலோரோ, 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் இந்தச் சிரையைக் கொண்டு இதய அடைப்பைத் தாண்ட வழி போட்டார். எட்டே ஆண்டில், 1975-இல், நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்துகாட்டினார். ஆனால் காலை நீளக் கிழித்துக் குழாயை எடுக்கும் வழக்கம் மட்டும் வெகுகாலம் மாறவில்லை.

1990-களின் நடுவில்தான் எண்டோஸ்கோப் இந்த வேலைக்கு வந்தது. முழங்காலருகே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. அதன் வழியே கேமரா போகிறது. கரியமில வாயுவைச் செலுத்தித் தோலுக்கடியில் சுரங்கம்போல இடம் உண்டாக்கிக்கொள்கிறார்கள். திரையைப் பார்த்தபடியே கிளைக் குழாய்களைச் சூட்டால் அடைத்து வெட்டி, குழாயை அந்தச் சிறு வாய் வழியே வெளியே எடுக்கிறார்கள். நிதானம் தேவைப்படும் வேலை. அழுத்தி இழுத்தால் குழாயின் உட்சுவர் நைந்துபோகும். நைந்த குழாய் இதயத்தில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அந்தப் பயம் 2009-இல் வந்த ஓர் ஆய்வால் வலுத்தது. பத்து ஆண்டு கழித்து, 2019-இல், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,150 பேரிடம் நடந்த 'ரீகுரூப்' ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்ததில், மரணம், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளில் இரு முறைக்கும் கணிசமான வேறுபாடு இல்லை. கால் புண்ணில் கிருமித் தொற்று மட்டும் 3.1 சதவீதத்திலிருந்து 1.4 ஆகக் குறைந்திருந்தது. ஒன்றை மறக்கக்கூடாது: அங்கே குழாயை எடுத்தவர்கள் அனைவரும் கைதேர்ந்தவர்கள்.

கருவிக்கான செலவு பில்லில் கூடும். எல்லார் காலுக்கும், எல்லா அவசரத்துக்கும் இந்த முறை பொருந்தாது. ஆனாலும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் இதைக் கட்டாயம் பேசியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பைபாஸ் என்று நாள் குறித்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: காலில் குழாயை எந்த முறையில் எடுப்பீர்கள்? யார் எடுப்பார்? அவருக்கு இதில் எவ்வளவு அனுபவம்? ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்திருந்தால், உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் உயர்த்தி வையுங்கள். சிவப்போ கசிவோ தெரிந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்