தோத்தாலும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கணும்

2023-24 புண்டஸ்லிகா கணக்கு இங்கே அந்தமான்ல நம்ம பசங்களுக்கு மனப்பாடம். லெவர்குசன் 34 ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. பயேர்ன் மியூனிக் 11 வருஷமா விடாம வச்சிருந்த பட்டம் கைமாறிச்சு.

எனக்குப் பிடிச்சது வேற. இதே லெவர்குசன் 2002-ல் மூணு ஆட்டம் பாக்கி இருக்கும்போது 5 புள்ளி முன்னால இருந்தும் பட்டத்தைக் கோட்டை விட்டது. ஆனா அடுத்த சீசன்லயும் அதுக்கு 34 ஆட்டம் இருந்தது. லீக்னா அதான்.

நம்ம பசங்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு நாள் சறுக்கினா மாசக்கணக்கான பயிற்சி அத்தோட சரி. சென்னையில போட்டின்னா கப்பல்ல ஏறக்குறைய மூணு நாள் போகணும். ஒரே ஆட்டத்துல தோத்துட்டு அதே மூணு நாள் திரும்பணும்.

"தீவுக்குத் தீவு போய் லீக் ஆட யார்கிட்ட காசு இருக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஜெர்மனியிலேயே 1963-ல்தான் தேசிய லீக் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வட்டார லீக்தான். அதுல ஆடினவங்கதான் 1954-ல் உலகக் கோப்பையைத் தூக்கினாங்க. அப்படியே இங்கயும் அந்தந்தத் தீவுக்குள்ள ஆறு டீம் போதும். ஒவ்வொரு டீமும் மத்த அஞ்சு டீமோட ரெண்டு தடவை மோதினா, ஒரு பையனுக்குப் பத்து ஆட்டம். கார் நிக்கோபார்ல கால்பந்துக்கு ஆள் தேடவே வேண்டாம்.

அடுத்த தடவை கோப்பைக்கு நன்கொடை கேட்டு வந்தா தாராளமா கொடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி, தோக்கற டீமுக்கு எத்தனை ஆட்டம்னு மட்டும் கேட்டுருங்க.