கம்ப்யூட்டரில் ஒரு பூட்டிய அறை: அழிக்கலாமா, வைக்கலாமா?

சென்ற மாதம் நம் கடைக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்த தம்பி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, டிஸ்க் நிரம்பிவிட்டது. இதில் ரெக்கவரி என்று கம்பெனிக்காரன் 15 ஜிபி பிடித்து வைத்திருக்கிறான். உங்களுக்கு அது எதற்கு? அழித்துவிடட்டுமா?" பில்லுக்காகச் சில்லறைக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்த நேரம். "சரி தம்பி, செய்" என்று சொல்ல வாயெடுத்தோம். சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் நடந்தது நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுகிறோம்.

அந்தக் கடையில் கணக்கு எழுதிய பையன் நல்லவன், கவனமானவன். தினமும் மாலையில் கணக்கை நகல் எடுத்து வைப்பான். எங்கே வைத்தான் என்றால், 'டி' என்று காட்டிய அந்த ரெக்கவரி அறையிலேயே வைத்தான். அது வேறு டிரைவ், எனவே பத்திரம் என்று நினைத்துவிட்டான். கொஞ்ச நாளில் அது நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியது; நகல் எடுப்பது நின்றுபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. பழுது பார்க்க வந்தவர் எதையும் விசாரிக்காமல், ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பொத்தானை அழுத்தி, வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். கம்ப்யூட்டர் புத்தம் புதிதாய் ஓடியது. கணக்கு மட்டும் இல்லை.

கொள்முதல் விவரத்தை ஜிஎஸ்டி தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போட்ட பில்களும் ரிட்டர்னில் இருந்தன. ஆனால் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த சில்லறை விற்பனை அங்கே மொத்தத் தொகையாகத்தானே இருக்கும்? யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்பது எந்த அரசாங்கத் தளத்திலும் கிடையாது. பழைய பழக்கத்தை விடாமல் அந்த வீட்டு அம்மா ஒரு சிட்டை நோட்டில் கடன் குறித்து வைத்திருந்தார். அதில் இருந்த பாக்கி வசூலானது. இல்லாதது போனது போனதுதான்.

இதில் ரெக்கவரியின் குற்றம் எதுவும் இல்லை. அது என்ன, அது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்று நமக்குத் தெரியாததுதான் குறை. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கினால் கூடவே சிடி கொடுத்தார்கள். பிறகு அந்தச் செலவை மிச்சம் பிடித்து, டிஸ்கிலேயே ஒரு பகுதியைத் தடுத்து, விண்டோஸையும் அந்த மாடலுக்கு வேண்டிய டிரைவர்களையும் அதில் போட்டு அனுப்பத் தொடங்கினார்கள். எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப்10, ஏசுஸில் எஃப்9 என்று ஆளுக்கொரு சாவி. திறந்தால் கம்ப்யூட்டர் பிறந்த நாளுக்குத் திரும்பும். நம் டாலி கணக்கு பிறந்த நாளில் இல்லையே, அது எப்படித் திரும்பும்?

இன்னொன்று. அந்த அறை இருப்பதும் அதே டிஸ்கில்தான். டிஸ்க் செத்தால் அதுவும் சேர்ந்து சாகும். பீரோவின் மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல.

அப்படியானால் அழித்துவிடலாமே என்பீர்கள். நாமும் அந்தத் தம்பியிடம் அதையேதான் கேட்டோம். அவர் திரையைத் திருப்பிக் காட்டியபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒரு அறை அல்ல, மூன்று நான்கு அறைகள் இருக்கின்றன. முதலில் இருப்பது 100 முதல் 260 எம்பி வரை உள்ள ஒரு சிறிய பகுதி. கம்ப்யூட்டர் எழுந்திருப்பதே அதைப் பிடித்துத்தான். பெயர் தெரியாத சின்னப் பகுதி என்று அதை அழித்தால், மறுநாள் காலை கறுப்புத் திரைதான். அடுத்தது சில நூறு எம்பி அளவில் விண்டோஸின் சொந்தப் பழுது பார்க்கும் பகுதி. இதுவும் வேண்டியதுதான். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இந்தப் பகுதியில் இடம் போதவில்லை என்று உலகெங்கும் பல கம்ப்யூட்டர்களில் ஏறாமல் நின்றது. இன்னும் 250 எம்பி சேர்த்துக் கொடுங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே வழி சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாவதுதான் பெரியது, கம்பெனிக்காரன் வைத்த 15 ஜிபி. அழிப்பதைப் பற்றிப் பேசுவதானால் இந்த ஒன்றைப் பற்றித்தான் பேசலாம்.

அதை அழித்தால் இடம் கிடைக்குமா? அதிலும் ஒரு சங்கதி. சி டிரைவுக்கு அடுத்தாற்போல் ஒட்டியிருக்கும் காலி இடத்தைத்தான் அதோடு சேர்க்க முடியும். நடுவில் அந்தச் சின்னப் பழுது பகுதி குறுக்கே நின்றால் சேராது. நம் கோடவுனுக்குப் பின்னால் காலி மனை வாங்கியும், இடையில் அடுத்தவர் சுவர் இருந்தால் மூட்டை எப்படி அடுக்குவது?

அறியாமல் அழித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டு இலவச மடிக்கணினிகளில் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. எல்காட் மூலம் வாங்கிய அந்தக் கணினிகளில் விண்டோஸும், சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. "லினக்ஸ் நமக்கு எதற்கு" என்று விண்டோஸில் இருந்தபடியே அந்தப் பகுதியை அழித்தால், எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியலும் அதோடு போய்விடும். விண்டோஸ் உள்ளே முழுதாக இருந்தும் திறக்க வழியில்லாமல் திரையில் நாலு ஆங்கில எழுத்து மட்டும் நிற்கும்.

லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். விண்டோஸ் 8 முதல், கம்பெனி விண்டோஸுடன் விற்ற கம்ப்யூட்டர்களில் அதன் எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் அடியில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் ஆதாரம். அதைத் துடைக்கிறேன் என்று கிழித்துவிடாதீர்கள்.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், வாரண்டி உள்ள புதுக் கம்ப்யூட்டரில் கைவைக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கி ரெக்கவரி டிரைவ் தயார் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால் பேரன் பாட்டு வைத்திருப்பதைக் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 8 காலத்துக் கம்ப்யூட்டர்களில் அது தயாரானதும், "ரெக்கவரி பகுதியை இனி அழிக்கவா?" என்று கம்ப்யூட்டரே கேட்கும். மாற்று கையில் வந்த பிறகு கேட்கிறது பாருங்கள், அதுதான் முறை. அதே பென் டிரைவில் ஒரு தடவை கம்ப்யூட்டரை எழுப்பிப் பார்த்துவிட வேண்டும். எழுதிய பென் டிரைவ் எல்லாம் வேலை செய்யும் என்று நம்புவது, எடை போடாமல் மூட்டை இறக்குவது மாதிரி.

பழைய கம்ப்யூட்டரில் சங்கதி வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. அதில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கம்பெனிக்காரன் வைத்த பெரிய பகுதி பழைய விண்டோஸுக்கே திருப்பி அனுப்பும். புதியதற்கு ஒரு பென் டிரைவ் இருந்தால், அந்தப் பெரிய பகுதியை மட்டும், விஷயம் தெரிந்தவரை வைத்து எடுத்துவிடலாம். விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லாத கம்ப்யூட்டரானால், 15 ஜிபிக்காக மெனக்கெடுவதைவிட அந்தக் காசைப் புதியதற்குச் சேர்ப்பது மேல்.

கணக்கைக் காப்பது தனி வேலை. அதை ரெக்கவரியின் தலையில் கட்டக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். நாம் விழுப்புரத்திலிருந்து ஒரு லோடு இறக்கினாலும் மாநிலம் விட்டு மாநிலம் என்று ஐஜிஎஸ்டி வந்துவிடுகிறது; திருபுவனையில் இருந்துகொண்டு ஏடு தவறினால் பதில் சொல்லி மாளாது. நம் கடையில் இரண்டு பென் டிரைவ், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். சனிக்கிழமை தோறும் மாறும். மழைக் காலத்தில் வீட்டுப் பிரதி பரணில் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து மழை கொட்டியதே, அதன் பிறகு வந்த பழக்கம் இது.

அன்று அந்தத் தம்பியிடம், "அதை விடு, இடத்தை வேறு எது அடைத்திருக்கிறது பார்" என்றோம். தேடியதில் 41 ஜிபி அகப்பட்டது. நம் தம்பி மகன் கல்யாண வீடியோ, ஒன்றே இரண்டு முறை. கடைக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றியது நாமேதான் என்று பையன் சொன்னபோது கூட்டத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பிரதியை அழித்தோம், ஒன்றைப் பென் டிரைவில் போட்டோம். 15 ஜிபி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரெக்கவரி பென் டிரைவ், கம்ப்யூட்டரின் மாடல் எண் எழுதிய சீட்டு ஒட்டி, கல்லாவின் உள்ளறையில் இருக்கிறது. கல்யாண வீடியோவை வாங்கிப் போகத்தான் இன்னும் யாரும் வரவில்லை.