வேலைக்கு விலை உண்டோ?



கடந்த மாதம் முள்ளிவாய்க்காலில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தங்கை மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அரச அலுவலகமொன்றில் சிற்றூழியர் வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவருக்கு, காப்பை அடகு வைத்து 75,000 ரூபா கொடுத்திருக்கிறாள். எட்டு மாதமாகியும் வேலை இல்லை. வட்டி மட்டும் ஏறுகிறது. நான் வாய் திறக்குமுன் அவளே கேட்டாள்:

"காசு குடுத்தது பிழையெண்டு சொல்லுவியள், அக்கா. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவவின்ர மாமா சொல்லித்தான் வேலை கிடைச்சது. அது மட்டும் சரியோ? எனக்காகச் சொல்ல ஆர் இருக்கினம்?"

நியாயமான கேள்வி. 2009இல் கணவரையும் இரண்டு அண்ணன்மாரையும் இழந்தவள் அவள். போர் உயிர்களை மட்டும் கொண்டுபோகவில்லை, நமக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர்களையும் கொண்டுபோய்விட்டது.

காசு கொடுத்து வேலை பெறுவது வறியவர்களிடம் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. வெளிநாடுகளில் விமானம் ஓட்டப் படித்த இளைஞர் சிலர், பறப்பு அனுபவம் சேர்ப்பதற்காக விமான நிறுவனத்துக்குத் தாங்களே பணம் கட்டி விமானம் ஓட்டியிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதைப் பேசியது. சம்பளம் வாங்க வேண்டியவர் கடன்பட்டுக் காசு கொடுக்கிறார். கடன் எடுக்க வழியில்லாத திறமைசாலி வெளியே நிற்கிறார். விமானமோ, அலுவலகக் கதவோ, அநியாயம் ஒன்றுதான்.

அப்படியானால் தெரிந்தவர் மூலம் வேலை பெறுவது? சமூகவியல் படித்தபோது மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தேன். பலருக்கு வேலை பற்றிய செய்தி நெருங்கிய உறவினரிடமிருந்து அல்ல, எப்போதாவது சந்திக்கும் அறிமுகமானவர்களிடமிருந்தே கிடைத்தது என்று அவர் காட்டினார். எனக்கும் இந்த வேலையைப் பற்றி என் விரிவுரையாளர் ஒருவர்தான் சொன்னார். அதன்பின் மற்றவர்களோடு வரிசையில் இருந்து நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

செய்தி சொல்வது வேறு, இடத்தைப் பறித்துக் கொடுப்பது வேறு. "அங்கே ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பம் போடு" என்று மாமா சொன்னால் அது உதவி. நேர்முகத் தேர்வுக்கு வந்த பத்துப் பேரை ஒதுக்கிவிட்டு மருமகளை உள்ளே எடுப்பித்தால், காசு கைமாறாவிட்டாலும் அதுவும் பிழைதான். நடந்ததை ஊர்க் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அது உதவி.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். அரச வேலைக்காக இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளியே. இப்போது இதற்கு இருப்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். 'இவள் முறையிடப் பயப்படுவாள்' என்ற துணிவில்தான் தரகர் கேட்கிறார். இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

வெளிநாட்டு வீட்டுப் பணிக்கு அழைப்பவர்கள் சிலவேளை காசு கேட்கமாட்டார்கள், முற்பணமாகக் காசு தருவார்கள். அதில் இன்னும் கவனம் தேவை. இடையில் திரும்பி வர நினைத்தால் அந்தக் காசே விலங்காகும். முகவரிடம் அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 இலக்கத்தில் கேட்டறிந்த பின்னரே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள்.

அந்தத் தங்கையிடம், காசு கொடுத்த திகதியையும் தொகையையும் எழுதி, தொலைபேசிச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். முறைப்பாடு செய்யுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை பெற, சங்கத் தலைவியும் அவளோடு போவதாக ஒப்புக்கொண்டார்.

இன்னொரு தீர்மானமும் எடுத்தோம். வேலை வெற்றிடம் பற்றிக் கேள்விப்படுபவர் அதை வீட்டுக்குள் வைத்திருக்காமல் சங்கப் பலகையில் எழுதவேண்டும். முதல் அறிவித்தலை எழுதியவர், மாமா சொல்லி வேலை பெற்ற அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான்.