யாருக்கு உகந்தவர்களாய் வாழ்கிறோம்?

2025-ஆம் ஆண்டு புனித தேவசகாயம் இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது மகிழ்ந்த நாம், இதற்கும் மகிழ்ந்தோம். ஆனால் இந்தப் பாதுகாவலர் நம்மிடம் கேட்கும் கேள்வி கடினமானது.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். அவருடைய பதவியும் குலப்பெருமையும் பிறருடைய மதிப்பில்தான் நின்றன. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற பின், சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். யாரையெல்லாம் மகிழ்விக்க வேண்டியிருந்ததோ, அவர்களுடைய மதிப்பை இழந்தார். எருமை மேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டு சென்று அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அவருடைய பெயரோடு சாதிப் பெயரையும் சேர்த்து எழுதுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. நீக்கக் கூடாது என்றவர்களும் உண்டு. இரு தரப்பையும் மகிழ்விக்க வழியில்லை. எது நற்செய்தி என்று மட்டுமே பார்க்க வேண்டியிருந்தது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. பாகுபாடு திருச்சபைக்குள்ளும் இருப்பதை அது ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் பல ஊர்களில் மாற்றம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது? பகையும் வெறுப்பும் மட்டும் காரணமல்ல. எவர் மனமும் நோகக் கூடாது என்ற நம்முடைய பயமும் ஒரு காரணம்.

இதை நாம் பிறரைச் சுட்டிச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாத் தேர் தங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். “அடுத்த வருடம் கட்டாயம்” என்றோம். பெரியவர்கள் வந்து, “இப்போதைக்கு வேண்டாம் சாமி” என்றார்கள். அவர்களிடமும் தலையாட்டினோம். இரு தரப்புக்கும் நல்லவரானோம். இப்படியே நான்கு திருவிழாக்கள் போயின. மாற்றலாகிப் புறப்பட்ட நாளில் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பாட்டி சொன்னார்: “நீங்க யாரையும் நோகடிக்கல சாமி. தேரு மட்டும் வரல.”

அந்தச் சொல் இன்றும் நம்மைத் தூங்க விடுவதில்லை. அன்பு என்று நாம் நினைத்தது அன்பல்ல. நம் பெயரைக் காத்துக்கொண்டதுதான்.

பிலாத்து இயேசுவிடம் குற்றம் காணவில்லை. ஆனாலும் கூட்டத்தைத் திருப்திப்படுத்த விரும்பினான் (மாற் 15:15). தலைவர்களில் பலர் இயேசுவை நம்பியும், தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவோம் என்று அஞ்சி வெளியே சொல்லவில்லை (யோவா 12:42-43). அந்தியோக்கியாவில் பேதுருவே, சிலர் வந்ததும் பிற இனத்தாரோடு உண்பதிலிருந்து விலகிக்கொண்டார் (கலா 2:12). இது நல்லவர்களுக்கும் வரும் சோதனை.

அப்படியானால் யாரையும் பொருட்படுத்தாமல் கடுமையாகப் பேச வேண்டுமா? இல்லை. மனிதருக்கு உகந்தவராக இருக்கப் பார்த்தால் கிறிஸ்துவின் பணியாளராக இருக்க முடியாது என்று எழுதிய அதே பவுல் (கலா 1:10), எல்லாருக்கும் உகந்தவராக இருக்க முயல்வதாகவும் எழுதுகிறார் (1 கொரி 10:33). முரண்பாடு போலத் தோன்றினாலும், அங்கே அவர் தேடுவது தம் நலனை அல்ல, பிறருடைய மீட்பை. நாம் மகிழ்விப்பது அவருக்காகவா, நமக்காகவா என்பதே கேள்வி.

பிறருடைய மதிப்பைக் கைவிடுவது நம் சொந்தத் துணிவால் ஆகக்கூடியதன்று. திருமுழுக்கில் நாம் கடவுளின் பிள்ளைகள் ஆனோம். எதையும் சாதிக்கும் முன்பே கிடைத்த அந்த மதிப்பை எவரும் தரவில்லை, எவராலும் பறிக்கவும் முடியாது. இதை நம்புகிறவர் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து கடன் வாங்கிப் புதுநன்மை விருந்து வைக்க மாட்டார். வரதட்சணைப் பேச்சில் மௌனமாக உட்கார்ந்திருக்க மாட்டார். முடியாததற்கு ‘பார்க்கலாம்’ என்று சொல்லாமல், முடியாது என்பதை அன்போடு சொல்வார்.

இன்றிரவு செபிக்கும்போது ஒன்றை மட்டும் ஆண்டவர் முன் வைப்போம்: யாரையும் நோகடிக்காமல் இருப்பதற்காக, யாருக்குச் சேர வேண்டிய நீதியை நாம் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம்?

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.