வாயில்லா உறவு

மனிதன் துணையின்றி வாழ இயலாதவன். அத்துணை மனிதனாகத்தான் இருக்க வேண்டுமா?

வளர்ப்பு நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்கும்போது, பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் ஹார்மோன் இரு உடல்களிலும் பெருகுவதை ஜப்பானிய அறிஞர்கள் 2015-இல் கண்டனர். வாயில்லா ஜீவனின் பாசம் நம் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பின்னும் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறோமே, வருவாய்க்காகவா? அதன் கழுத்தைத் தடவி, பருத்திக்கொட்டை வைக்கும் வேளையில் கடன் கவலையும் தேர்வு அச்சமும் சற்றே அகல்கின்றன. மதிப்பெண்ணும் சாதியும் கேளாத உறவன்றோ அது!

2014-இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-இல் தமிழகச் சட்டத் திருத்தம் மீண்டும் வழிவிட்டது. ஆயினும் காளைக்கு உண்மையான காவல் நம் நன்றியுணர்வே. மனநிம்மதி தந்த காளையை, முதுமை வந்ததும் அடிமாடாக விற்பது முறையாகுமா? மாணவ நண்பர்களே, சிந்திப்பீர்!